வயிற்றுப் பிள்ளைக்கு எந்த மீன், எந்தத் தண்ணீர்?

வட சென்னையில் மீனவர் வீட்டுப் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்றால் அடுத்த பேச்சே மீன்தான். “நல்லா மீன் குடுங்க, புள்ள தெம்பா பொறக்கும்” என்பார் பாட்டி. “ஆத்து மீன் மட்டும் வேணாம்க்கா, எண்ண வாட அடிக்குது” என்பார் பக்கத்து வீட்டுக்காரர். செக்கப்புக்குப் போன இடத்தில் நர்ஸம்மா, “புரதம் வேணும், மீன் சாப்பிடும்மா” என்கிறார். கைப்பேசியில் வரும் வீடியோவோ, மீனில் பாதரசம் இருக்கிறது, பக்கத்திலேயே போகாதே என்கிறது. நான்கிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை உண்டு. நான்கையும் கேட்டுக்கொண்ட பெண்தான் தட்டின் முன்னால் குழம்பி உட்கார்ந்திருக்கிறாள்.

கர்ப்பகால உணவு என்றதும் பத்திரிகைகள் கீரை, பால், பழம் என்று ஒரு பட்டியல் போடும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பெண்களுக்கு அந்தப் பட்டியல் போதாது. இங்கே ஒரு கர்ப்பிணியின் தட்டில் மணலியின் சுத்திகரிப்பு ஆலைக்கும், அத்திப்பட்டின் அனல்மின் நிலையத்துக்கும், தெருக்குழாயில் வரும் தண்ணீருக்கும் பங்கு இருக்கிறது. அவள் என்ன சாப்பிடலாம் என்று சொல்வதற்கு முன்னால், அவள் ஊரின் ஆறு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆறு கறுத்த டிசம்பர்

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியக் கழகத்தின் எண்ணெயும் சேர்ந்து வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாக இறங்கி, கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. படகும் வலையும் தார் பூசியதுபோல் கறுத்தன. மீனவர்கள் வாளியாலும் மக்காலும் எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றிய படங்களை நாடே பார்த்தது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் இதே வாளிகள்தான். 2023 கசிவைப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. பாதிக்கப்பட்ட 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் நிவாரணமாக அறிவிக்கப்பட்டன.

வலைக்கும் படகுக்கும் கணக்குப் போட முடிந்தது. வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணின் தட்டுக்கு எப்படிக் கணக்குப் போடுவது? அதற்கு எண்ணெய் எந்த உயிரில் எப்படித் தங்குகிறது என்று தெரிய வேண்டும்.

கச்சா எண்ணெயிலும் உலை எண்ணெயிலும் உள்ள நச்சு ஹைட்ரோகார்பன்களைச் செதில் மீன்கள் தங்கள் ஈரலில் உடைத்து ஓரளவு வேகமாக வெளியேற்றிவிடும். ஆழி, மட்டி போன்ற சிப்பி இனங்களால் அது முடியாது. அவை நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டித் தின்பவை. தண்ணீரில் வந்த எண்ணெயும் உலோகமும் அவற்றின் உடம்பிலேயே சேர்ந்துகொண்டு போகும். நண்டு இரண்டுக்கும் நடுவில். அதன் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள், பலர் விரும்பிச் சாப்பிடும் பகுதி, உண்மையில் நண்டின் ஈரல். காட்மியம் போன்ற உலோகங்கள் அங்கேதான் சேரும்.

எண்ணூர் ஆற்றில் எண்ணெய் மட்டும் இல்லை. அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழம்பைக் கொண்டுபோகும் குழாய்கள் வெடித்து, ஆற்றின் அடியில் ஆண்டுக்கணக்கில் சாம்பல் படிந்திருக்கிறது. நிலக்கரிச் சாம்பலில் ஈயம், காட்மியம், ஆர்செனிக் எல்லாம் சிறு அளவில் உண்டு. கழிமுக வண்டலில் கன உலோகங்கள் இருப்பதைப் பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன.

ஆகவே முதல் விதி தண்ணீரைப் பற்றியது. எண்ணூர்க் கழிமுகத்திலும் பக்கிங்காம் கால்வாயிலும் பிடித்த ஆழி, மட்டி, நண்டு ஆகியவற்றைக் கர்ப்பிணிகள் தவிர்த்துவிட வேண்டும். முகத்துவாரத்து மடவையும் கிழங்கானும் இறாலும், எண்ணெய் கசிந்த காலத்தில் அறவே வேண்டாம். மற்றக் காலத்திலும் அன்றாட உணவாக வேண்டாம். மண்ணெண்ணெய் வாடை அடிக்கிற மீனை யாரும் சாப்பிடப் போவதில்லை. ஆனால் வாடை இல்லாததே சுத்தத்துக்குச் சாட்சி ஆகாது, உலோகத்துக்கு மணம் கிடையாது. கடலுக்குப் போன படகின் மீனா, ஆற்று வலை மீனா என்று விற்கிற அக்காவிடம் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

தாய் தப்பினாள், பிள்ளை தப்பவில்லை

இரண்டாவது விதி மீனைப் பற்றியது. அதற்கு ஜப்பான் வரை போக வேண்டும்.

மினமாட்டா ஒரு சிறிய கடற்கரை ஊர். சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை அங்கே பாதரசம் கலந்த கழிவை விரிகுடாவில் விட்டுக்கொண்டிருந்தது. 1956 மே 1 அன்று அங்கு ஒரு புது நோய் அதிகாரப்பூர்வமாகப் பதிவானது. மீன் தின்ற பூனைகள் வலிப்பு வந்து செத்தன, மனிதர்களுக்குக் கைகால் நடுங்கியது, பார்வை சுருங்கியது. அதைவிடக் கொடுமை, நோய்க்குறி அதிகம் இல்லாத தாய்மார்களுக்கு மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தன. நஞ்சுக்கொடி எந்த விஷத்தையும் தடுத்து நிறுத்திவிடும் என்றுதான் அன்றைய மருத்துவம் நம்பியது. மசசுமி ஹராடா என்ற மருத்துவர் அந்தத் தாய்மாரின் பேச்சை நம்பினார். பிள்ளையின் தொப்புள்கொடியைக் காயவைத்துப் பெட்டியில் பத்திரப்படுத்துவது ஜப்பானியர் வழக்கம். அந்தக் கொடிகளைச் சேகரித்துப் பரிசோதித்தபோது உள்ளே மெதில் பாதரசம் இருந்தது. தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்துப் பிள்ளையின் அரையில் கட்டிய வழக்கம் நமக்கும் உண்டு. அந்தக் கொடி வழியாகத்தான் தாய் தின்ற மீன் பிள்ளையின் மூளையைத் தொட்டது.

எண்ணூர் மினமாட்டா ஆகிவிடவில்லை. அங்கே ஓர் ஆலை நேரடியாகப் பாதரசத்தைக் கொட்டியது. நம் கடல் மீனில் இருப்பது உலகக் கடல்கள் எல்லாவற்றிலும் கலந்திருக்கும் பாதரசம். நிலக்கரியை எரிப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அது தண்ணீரில் விழுந்து, நுண்ணுயிர்களால் மெதில் பாதரசமாக மாறி, பாசியிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் போகிறது. ஒவ்வொரு படியிலும் செறிவு கூடுகிறது. பல ஆண்டுகள் வாழ்ந்து, பல ஆயிரம் மீன்களைத் தின்ற வேட்டை மீனின் சதையில்தான் அது உச்சத்தில் இருக்கும். சதையோடு பிணைந்திருப்பதால் தோலை உரித்தாலும், எலுமிச்சை பிழிந்தாலும், எண்ணெயில் பொரித்தாலும் அது போகாது.

விலை குறைந்த மீனே நல்ல மீன்

இதைக் கேட்டுவிட்டு மீனையே நிறுத்துவது இன்னொரு தவறு. அமெரிக்க உணவு மருந்துத் துறை 2001-இல் கர்ப்பிணிகளுக்குப் பாதரச எச்சரிக்கை விடுத்தபோது, பலர் நல்ல மீனையும் சேர்த்தே குறைத்துவிட்டார்கள். பிள்ளையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு, அயோடின், பி12, நல்ல புரதம் எல்லாம் மீனில் ஒரே இடத்தில் இருக்கின்றன. இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் ஏறத்தாழ 12,000 தாய்மாரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2007-இல் வெளியானது. கர்ப்பத்தில் வாரம் 340 கிராமுக்கு மேல் மீன் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகள் மொழித்திறனில் முன்னால் இருந்தார்கள். செஷல்ஸ் தீவில் கர்ப்பிணிகள் வாரத்துக்கு ஏறக்குறையப் பன்னிரண்டு வேளை கடல் மீன் சாப்பிடுகிறார்கள். அங்கே பிள்ளைகளிடம் தெளிவான பாதிப்பு எதுவும் தென்படவில்லை. திமிங்கில இறைச்சி தின்ற ஃபாரோ தீவுகளில்தான் பாதிப்பு தெரிந்தது.

ஆக, மீன் வேண்டும். எந்த மீன் என்பதுதான் கேள்வி. காசிமேட்டில் அதற்கு நல்ல பதில் இருக்கிறது. நெத்திலி, மத்தி, கவலை, காரப்பொடி, சின்னக் காணாங்கெளுத்தி. குறுகிய ஆயுள், சிறிய உடம்பு, பாதரசம் குறைவு, ஒமேகா-3 தாராளம். முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்திலியில் கால்சியமும் சேர்ந்து வருகிறது. கடல் இறாலும் சங்கராவும் வவ்வாலும்கூட நல்லவையே. வாரத்தில் இரண்டு மூன்று வேளையாக மொத்தம் 225 முதல் 340 கிராம் வரை சாப்பிடலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு.

தள்ளி வைக்க வேண்டியவை சுறா, தளபத்து, கொம்பன், பெரிய சூரை. வஞ்சிரத்தைப் பற்றிக் கேட்பீர்கள். அதன் நெருங்கிய உறவான அட்லாண்டிக் மீன் ஒன்று அமெரிக்காவின் தவிர்க்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது. நம் வஞ்சிரமும் வேட்டை மீன்தான். ஆசைக்கு எப்போதாவது ஒரு துண்டு போதும், அதுவும் சிறிய மீனில். வளைகாப்புக்கு வஞ்சிரம் வாங்க முடியவில்லையே என்று வருந்தும் வீடுகளுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: கூறு கட்டி விற்கிற பொடி மீன்தான் உங்கள் மகளுக்கு மேலான மீன்.

பால் சுறாவை என்ன செய்வது?

பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரிக்குப் பால் ஊற பால் சுறாப் புட்டு செய்து கொடுப்பது நம் கடற்கரையின் பழைய வழக்கம். அதன் பின்னால் இருக்கும் அக்கறையை நான் மதிக்கிறேன். பால் சுறா சுறாக்களில் சிறிய இனம், பெரிய சுறாக்களைப் போல அவ்வளவு பாதரசம் சேராது. தாய்ப்பாலில் இறங்கும் மெதில் பாதரசமும் கருவில் நஞ்சுக்கொடி வழியாகப் போவதைவிடக் குறைவு. ஆகவே பிரசவம் முடிந்து ஒரு நாள் புட்டு சாப்பிட்டவர் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சுறா வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகும் நாள்தோறும் சுறா வேண்டாம். பால் ஊற வைப்பது பிள்ளை அடிக்கடி சப்புவதும், தாய் வயிறாரச் சாப்பிட்டு நிறையத் தண்ணீர் குடிப்பதும்தான். காணாங்கெளுத்தியை அவித்து முள் எடுத்து, அதே பூண்டு, மிளகு, சின்ன வெங்காயத்தோடு உதிர்த்து வதக்கினால் புட்டின் ருசி வந்துவிடும்.

வாங்கும்போது செவுள் சிவந்திருக்கிறதா, கண் தெளிவாக உப்பி நிற்கிறதா, அழுத்தினால் சதை குழியாமல் திரும்புகிறதா என்று பாருங்கள். காணாங்கெளுத்தி, மத்தி, சூரை ஆகியவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். உடம்பு தடித்து, முகம் சிவந்து, வாந்தி வரும். எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வெளியூரிலிருந்து வரும் மீன் எத்தனை நாள் பெட்டியில் இருந்தது என்று தெரியாத காலம் அது. அப்போது பக்கத்து ஃபைபர் படகின் மீன் கிடைத்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் முட்டை, பயறு, கொண்டைக்கடலை போதும். கருவாட்டை மட்டும் அதற்கு மாற்றாக்க வேண்டாம். அதில் உப்பு மிக அதிகம். கால் வீங்கி, ரத்த அழுத்தம் ஏறுகிறவர்களுக்கு அது ஆகாது.

குடத்துக்குள் இருக்கும் ஆபத்து

மீனைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நாம் தண்ணீரை மறந்துவிடுகிறோம். உடனடியாக உயிரைப் பறிக்கக்கூடியது அதுதான்.

மஞ்சள் காமாலையில் இ வகை என்று ஒன்று உண்டு. கழிவுநீர் கலந்த குடிநீரில் பரவும். மற்றவர்களுக்குச் சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் வந்தால், நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பழைய குழாயும் சாக்கடையும் அருகருகே ஓடும் தெருக்கள், மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கும் குப்பங்கள் உள்ள பகுதியில் இதை யாரும் எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது.

குழாய்த் தண்ணீரோ, லாரித் தண்ணீரோ, கேன் தண்ணீரோ, கர்ப்பிணிக்குத் தனியாகக் காய்ச்சுங்கள். குமிழ் விட்டுத் தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்கி, மூடி வையுங்கள். குடத்துக்குள் கை விட்டு மொள்ளாமல் சாய்த்து ஊற்றுங்கள். ரோட்டோர சர்பத்தில் போடும் ஐஸ், பானிபூரித் தண்ணீர், முன்பே நறுக்கி வைத்த பழம் ஆகியவற்றைப் பிரசவம் வரை தள்ளிப் போடுங்கள். கண் மஞ்சளாகி, சிறுநீர் அடர்ந்து, சோறு பிடிக்காமல் வாந்தி வந்தால் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக் காத்திருக்க வேண்டாம். ராயபுரத்தின் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையோ ஸ்டான்லியோ, அன்றைக்கே போய்விடுங்கள்.

சாம்பல் ஆசையும் ஈயக்குண்டும்

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48 விழுக்காட்டினருக்கு ரத்தச்சோகை. முந்தைய கணக்கெடுப்பில் இருந்ததைவிட இது அதிகம். மசக்கையில் சாம்பல், பல்பம், செங்கல் துண்டு, பச்சரிசி தின்னத் தோன்றுவதை நாம் ‘ஆசை’ என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி. வாகனப் புகையும் ஆலைத் தூசியும் படிந்த ஊரில் மண்ணும் சாம்பலும் தின்றால் ஈயமும் சேர்ந்து உள்ளே போகும். இரும்பும் கால்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தை இன்னும் கூடுதலாக உறிஞ்சும். அது நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளையின் மூளைக்குப் போகும். பெண் மண் தின்பது தெரிந்தால் திட்டாதீர்கள். செக்கப்பில் அதைச் சொல்லி, ரத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மீனவர் வீடுகளில் கவனிக்க இன்னொன்று இருக்கிறது. வலையில் கோக்கும் ஈயக்குண்டு. வலை பின்னும் திண்ணையிலேயே சோறு உண்பதும், பழைய ஈயத்தை அடுப்பில் உருக்கி வார்ப்பதும் சில வீடுகளில் வழக்கம். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் ஈயம் உருக்குவதை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோங்கள். வலையைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

அரசு தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். டீயோடும் கால்சிய மாத்திரையோடும் சேர்த்துப் போட்டால் பலன் குறையும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ வேண்டாம். ரத்தம் ஊற ஆட்டுச் சுவரொட்டி கொடுப்பது நல்ல வழக்கம், நன்றாக வேகவைத்தால் போதும். ஈரல் அப்படி அல்ல. அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், கர்ப்பத்தில், அதிலும் முதல் மூன்று மாதத்தில், தவிர்ப்பதே நல்லது. கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, பேரீச்சை, கூடவே ஒரு நெல்லிக்காய் என்று இருந்தால் செலவும் குறைவு, சத்தும் சேரும்.

பப்பாளி பற்றியும் ஒரு வார்த்தை. காயின் பாலில் கருப்பையைச் சுருக்கும் தன்மை உண்டு, அதனால் காயும் செங்காயும் வேண்டாம். நன்றாகப் பழுத்த பழத்துக்கு அந்தக் குற்றம் இல்லை. குங்குமப்பூ பிள்ளையின் நிறத்தை மாற்றாது. அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம். வளைகாப்புக்கு விடியற்காலையில் கிளறிய தேங்காய்ச் சாதமும் தயிர்ச் சாதமும் பிற்பகல் வரை வெக்கையில் இருக்கும். கர்ப்பிணிக்கு முதலில் எடுத்துச் சூடாகக் கொடுத்துவிடுங்கள்.

அவளால் முடியாததை அரசு செய்ய வேண்டும்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் கிடைக்கிறது, இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் அதில் அடக்கம். 12 வாரத்துக்குள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து பிக்மி எண் வாங்கிவிடுங்கள். அங்கன்வாடியில் சத்துமாவும் உண்டு. இது சலுகை அல்ல, உரிமை. வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் மீன் சதையில் எத்தனை பாதரசம், ஆழியில் எத்தனை காட்மியம் என்று எந்தக் கர்ப்பிணியும் தன் அடுப்படியில் அளந்து பார்க்க முடியாது. அளக்கக் கருவியும் ஆய்வகமும் அரசிடம் இருக்கின்றன. மீனில் பாதரசத்துக்கு வரம்பும் சட்டத்தில் இருக்கிறது. காசிமேட்டிலும் எண்ணூரிலும் மாதந்தோறும் மீனையும் நண்டையும் ஆழியையும் பரிசோதித்து, முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும். எந்த மீன் கர்ப்பிணிக்கு உகந்தது, எது வேண்டாம் என்று படத்தோடு ஒரு பலகை ஏலக்கூடத்திலும், ஒவ்வொரு சுகாதார நிலையத்தின் வாசலிலும் நிற்க வேண்டும். எண்ணெய் கசிந்தால் நிவாரணத் தொகையோடு சேர்த்து, எந்தத் தண்ணீரின் மீனை எவ்வளவு காலம் கர்ப்பிணிகள் தொடக் கூடாது என்ற அறிவிப்பும், அந்தக் காலம் முழுக்க அவர்களுக்கு முட்டையும் பருப்பும் வர வேண்டும். அந்தச் செலவு ஆற்றைக் கெடுத்தவர் கணக்கில் போக வேண்டும்.

கர்ப்பிணிக்கு நாம் சொல்லும் ‘சாப்பிடாதே’ எல்லாம், வேறு யாரோ கொட்டியதற்கு அவள் கொடுக்கும் விலை. சிறிய மீனைத் தேர்ந்தெடுப்பதும், தண்ணீரைக் காய்ச்சுவதும், மாத்திரையை மறக்காமல் போடுவதும் அவள் கையில் இருக்கின்றன. அவற்றை அவள் செய்வாள், அவளுக்கு யாரும் பொறுப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குழாயைச் செப்பனிடுவதும், சாம்பல் குழாயை அடைப்பதும், ஆற்றைத் தூர்வாரி மீட்பதும் அவளுடைய வேலை இல்லை. அதைச் செய்ய வேண்டியவர்களிடம் திருவொற்றியூரும் எண்ணூரும் காசிமேடும் ஒரே குரலில் கேட்க வேண்டும். கேட்பதற்கு வேறு காரணம் எதுவும் தேவையில்லை. அடுத்த பத்து மாதத்தில் பிறக்கப்போகும் பிள்ளைகளே போதும்.